வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை

பத்தாம் வகுப்புக்குப் பழந்தமிழ்ச் செய்யுள் நடத்துவது என்பது, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர்களை மறுபடியும் பந்தியில் உட்காரவைக்கும் வேலை. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பதம் பிரித்து, பொருள் சொல்லி, 'ஆகா, என்ன நுட்பம் பாருங்கள்!' என்று நாம் சொக்கிப்போய்க் கண்ணைத் திறந்தால், எதிரே வகுப்பு முழுக்கக் கொட்டாவி. கணக்கு வாத்தியாருக்குப் பயப்படுவார்கள். ஆங்கில வாத்தியாரிடம் பணிவார்கள். விளையாட்டு வாத்தியாரைக் கண்டால் பூரித்துப் போவார்கள். நம்மைக் கண்டால் மட்டும் ஒரு பரிதாபம். மற்ற எல்லாரும் 'சார்', நாம் மட்டும் 'ஐயா'. மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 'ஐயா'வுக்குப் பின்னால் ஒரு 'பாவம்' ஒளிந்திருக்கிறதோ என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

காஞ்சிபுரத்தில், தறிச் சத்தம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வரும் ஒரு பள்ளியில்தான் என் வேலைக்காலத்தின் கடைசிப் பகுதி கழிந்தது. இப்போது ஓய்வு பெற்று, சென்னைப் பக்கம் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் செய்தித்தாள், மாலையில் நடை, நடுவில் தொலைக்காட்சியில் யாராவது லகர ழகரத்தைக் குழப்பினால் திட்டுவது என்று பொழுது போகிறது. வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆனால் மட்டும் கை தானாகச் சாக்பீஸைத் தேடுகிறது. அந்த நேரத்துக்காக நான் ஒரு வருடம் போராடினேன். அந்தக் கதையைத்தான் துண்டு துண்டாகச் சொல்கிறேன். சக தமிழய்யாக்களும் தமிழம்மாக்களும் படித்து ஆறுதல் அடைக. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், நமக்குப் பழகிப்போனதுதான்.

எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் பாராட்டு

தமிழ்த் தேர்வில் 'நயம் பாராட்டுக' என்று ஒரு கேள்வி உண்டு. தெரியாத பாட்டு ஒன்றைக் கொடுத்து அதன் அழகை எடுத்துச் சொல்லச் சொல்வார்கள். அந்தப் பள்ளிக்கு நான் வந்த புதிதில், ஒன்பதாம் வகுப்புக்கு வைத்த முதல் தேர்விலேயே ஆடிப்போய்விட்டேன். வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் பாராட்டியிருந்தது. 'இப்பாடலில் கவிஞர் தம் கருத்தைப் படிப்போர் நெஞ்சம் நெகிழும் வண்ணம் எளிய சொற்களால் எடுத்துரைக்கிறார். எதுகையும் மோனையும் போட்டி போட்டுக்கொண்டு வருகின்றன.' நான் கொடுத்திருந்த பாட்டில் மோனை மருந்துக்கும் கிடையாது. விசாரித்தால், கைடில் இருக்கும் விடையாம். அதை மனப்பாடம் செய்துவிட்டால் பாட்டைப் படிக்கவே வேண்டாம், நேராகப் பாராட்டிவிடலாம்.

அந்த வகுப்பில் இர்ஃபான் என்று ஒரு வாயாடி. ஐயம்பேட்டையிலிருந்து வருகிறவன். கோபமாகக் கூப்பிட்டால் சிரித்த முகத்தோடு வந்து நிற்பான், நமக்குக் கோபம் மறந்துவிடும். அவன் தாளில் பாராட்டு ஒரு பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தது. "பாட்டைப் படிச்சியாடா?" என்றேன். "இல்லய்யா" என்றான் ஒளிவு மறைவில்லாமல். "படிக்காமலே எப்படிடா இவ்வளவு பாராட்டினே?" என்றதற்கு, ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது மாதிரி எனக்கு விளக்கினான்.

"கல்யாணத்துக்குப் போறவங்கல்லாம் பொண்ணு மாப்பிள்ளைய பத்தித் தெரிஞ்சுக்கினா வாழ்த்துறாங்க? எல்லாருக்கும் ஒரே வாழ்த்துதானய்யா!"

ஆளில்லாத பாடவேளை

அன்றைக்கே ஒன்று முடிவு செய்தேன். இந்தப் பிள்ளைகள் ஒரு பாட்டையாவது பாட்டாகப் படிக்க வேண்டுமானால் அது கைடில் இருக்கக் கூடாது, தேர்வுக்கு வரக் கூடாது, மதிப்பெண்ணே இருக்கக் கூடாது. சரி, நேரத்துக்கு எங்கே போவது? கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசியாக 'நீதிபோதனை' என்று ஒரு பாடவேளை இருந்தது. பள்ளிக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், நீதிபோதனை என்பது புறம்போக்கு நிலம். முதலில் கொட்டகை போடுகிறவருக்குச் சொந்தம். கணக்கு சார் தயாளன் ஏற்கெனவே போட்டிருந்தார். மணி அடிப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்று நான் அந்த இடத்தைப் பிடித்தேன். தயாளன் நல்ல மனிதர். வருத்தப்பட்டாலும் ஆசிரியர் அறையில் சுண்டலைப் பங்கு போடுவதை நிறுத்தவில்லை.

அடுத்த ஆண்டு அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது பள்ளிக்குப் புதிய தலைமையாசிரியை வந்தார். விலங்கியல் படித்தவர். எதையும் அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். வந்த வாரமே கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "இந்தப் பீரியடுல நீங்க நடத்துற பாட்டெல்லாம் பரீட்சைக்கு வருமாய்யா?" என்றார். "வராது மேடம்." "அப்போ எதுக்கு நடத்துறீங்க?" "வராதுங்கறதுக்காகத்தான் மேடம்." அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கம் தயாளன் சார் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தார். அம்மையார் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தீர்ப்புச் சொன்னார்.

"அரையாண்டு வரைக்கும் வெச்சுக்குங்கய்யா. தமிழ் மார்க் ஏறினா பீரியட் உங்களுது, எறங்கினா தயாளன் சாருது. அப்புறம் என்கிட்ட வந்து யாரும் பேசக் கூடாது."

தேர் வந்த வேகம்

பழைய அகப்பாட்டுகளில் ஒரு காட்சி அடிக்கடி வரும். போன இடத்தில் வேலை முடிந்துவிட்டது, தலைவன் வீட்டுக்குத் திரும்புகிறான், மனம் முன்னால் ஓடுகிறது. தேர்ப்பாகனிடம் 'விரைந்து செலுத்து, விரைந்து செலுத்து' என்கிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம். டஸ்டரைக் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டு மேடையில் ஒரு ஓட்டம் ஓடியே காட்டினேன். வகுப்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. என் ஓட்டத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். ஓட்டத்தை நிறுத்திய பிறகும் சிரிப்பு நிற்கவில்லை.

அப்புறம்தான் விளங்கியது. இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்த்த தேர் ஒன்றுதான். வடம் பிடிக்க ஊரே வர வேண்டும். முட்டுக்கட்டை போடத் தனியாக ஆள் வேண்டும். முனைக்கு முனை நின்று, மோர் குடித்து, வியர்வை துடைத்து, மின்சாரக் கம்பியைக் கழற்றச் சொல்லி, அது கிளம்பி நிலைக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். 'இது வேறடா, குதிரை பூட்டின சின்னத் தேர்' என்று கரும்பலகையில் வரைந்தேன். என் ஓவியத்தில் அது சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி மாதிரி வந்தது, இன்னும் சிரித்தார்கள். முன் வரிசையில் தீபிகா என்று ஒரு பெண். அவள் அப்பா பட்டு நெசவாளி, வீட்டிலேயே தறி. அதிகம் பேச மாட்டாள், பேசினால் வகுப்பு கேட்கும். அவள் எழுந்து நின்று கேட்டாள்.

"அவசரமா வர்றவரு தேர எதுக்குய்யா எடுத்துக்கினு வந்தாரு? நாலு ராஜ வீதியும் திரும்பி நெலைக்கு வர்றதுக்குள்ள அந்தம்மா தூங்கியே போயிருக்கும்!"

மழையில் வீட்டுக்காரர்

ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. இதற்காகவே ஒரு பாட்டை எடுத்து வைத்திருந்தேன். மழைக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போன தலைவன் வரவில்லை, மழை வந்துவிட்டது. தலைவி தோழியிடம் சொல்லிச் சொல்லி ஏங்குகிறாள். வெளியே நிஜ மழை, ஜன்னலில் சாரல், வகுப்பில் பாதி இருட்டு. இதைவிடத் தோதான நேரம் ஒரு தமிழாசிரியனுக்கு வாழ்க்கையில் எப்போது வாய்க்கும்? தழுதழுக்கப் படித்தேன். முடித்துப் புத்தகத்தை மூடினேன். நிமிர்ந்து பார்த்தால் ஒருவர் முகத்திலும் ஏக்கம் இல்லை. ஒருவரை ஒருவர் குழப்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். இங்கே பாதிப் பிள்ளைகள் வீட்டில் குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்ய வேண்டும். மழை பிடித்தால் குழியில் தண்ணீர் ஊறிவிடும், பட்டு நமுத்துவிடும், தறி நின்றுவிடும். மற்ற நாளில் அப்பா வீட்டில் இருந்தாலும் குழியில் இறங்கிவிட்டால் இல்லாத மாதிரிதான். மழை நாளில் மேலே ஏறி வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். மணிக்கொரு தரம் டீ கேட்பார். குழம்பில் குற்றம் சொல்வார். படிக்கிற பிள்ளையை 'உருப்பட மாட்டே' என்பார். இந்த நிலைமையில் வளர்ந்த பிள்ளைகளிடம் போய், மழை வந்தும் கணவன் வரவில்லையே என்று ஒருத்தி அழுகிறாள் என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? எத்தனையோ வருடங்களாக இந்தப் பாட்டுக்கு ஒரே பெருமூச்சு விட்டுப் பழகியவன் நான். மூச்சு விட மறுக்கவும் ஒரு காரணம் இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாட்டை நம்பியவர்கள்தானே அதோடு சண்டைக்குப் போவார்கள்?

"மழைக்காலத்துல வீட்டுக்காரரு வீட்ல இல்லன்னா அந்தம்மா நிம்மதியாதானய்யா இருக்கணும்?" என்றாள் தீபிகா. "எங்கம்மாவ வந்து கேளுங்க, கார்காலம்னா இன்னான்னு அது சொல்லும்."

ஷேர் ஆட்டோ திணை

ஐந்திணை நடத்தும்போது, ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு மனநிலை உண்டு என்று சொல்லி, 'உங்கள் தெரு என்ன திணை என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்' என்று அனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரே அமளி. பட்டுக் கடை வீதி மருதம் என்று ஒரு கட்சி. வந்தவர்கள் கடையில் இருக்கிற புடவையை எல்லாம் பிரிக்கச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போவார்களாம், கடைக்காரர் வாசல் வரை ஓடி வந்து சமாதானம் செய்வாராம், ஆகவே ஊடல். பிரிவுக்கென்றே உள்ள பேருந்து நிலையம் பாலை என்பதில் எல்லாக் கட்சிக்கும் ஒற்றுமை. இர்ஃபான் கடைசிவரை காத்திருந்துவிட்டு, காத்திருப்புக்கு இலக்கணத்தில் உள்ள சொல்லையே எடுத்து என் முன் வைத்தான்.

"ஐயம்பேட்டை ஸ்டாப்பு முல்லைதான்யா. ஷேர் ஆட்டோவுல ஆள் ரொம்புற வரைக்கும் இருத்தலும் இருத்தல் நிமித்தமும்தான்!"

அமாவாசை அன்று வந்த அப்பா

அமாவாசை அன்று இங்கே தறியில் இறங்க மாட்டார்கள். அதனால் பள்ளிக்குப் புகார் எல்லாம் அமாவாசை அன்றுதான் வந்து சேரும். தலைமையாசிரியை அதற்கென்றே அந்த நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டார். அப்படி ஓர் அமாவாசையில் எனக்கு அழைப்பு வந்தது. போனால், வெள்ளை வேட்டியும் விபூதியுமாகத் தீபிகாவின் அப்பா உட்கார்ந்திருக்கிறார். முகம் சரியில்லை. "எம் பொண்ணு அடுப்பாண்ட நின்னுக்கினு, வர்றேன்னு சொன்னவன் வரலியேன்னு பாடிக்கினு இருக்குதுய்யா. கேட்டா ஐயா சொல்லிக் குடுத்தாருன்னு சொல்லுது. யாருய்யா அவன்?" என்றார். அரையாண்டு நெருங்கும் நேரம். பாடவேளையைப் பறிக்க மதிப்பெண் குறைய வேண்டும் என்பதில்லை, இது ஒன்றே போதும். "அது பாட்டுல வர்ற ஆளு. அவனுக்குப் பேரே கிடையாது. அகப்பாட்டுல தலைவன் பேரைச் சொல்லக் கூடாதுங்கறது மரபு" என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பேர வெளிய சொல்லக் கூடாதுன்னு நீங்களே சொல்லிக் குடுத்து வெச்சிருக்கீங்களா?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையில் தயாளன் சார் அந்த வெள்ளிக்கிழமையே கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் தீபிகாவையே கூப்பிட்டேன். அவள் பயப்படவில்லை. பாட்டை முழுக்கச் சொன்னாள். யார் சொல்வது, யாரிடம் சொல்வது, வெளியே எப்படி மழை பெய்கிறது, தோழி ஏன் பதில் பேசாமல் இருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்த ஊர்க் கோயில்களுக்கெல்லாம் முந்திய ஆள் அவன், உயிரோடு இல்லை என்றும் உறுதி கொடுத்தாள். அவர் மெல்ல உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் 'அப்புறம்?' என்றார். அப்புறம் ஒன்றும் இல்லை, பாட்டு அவ்வளவுதான் என்றேன். அவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. மகளைப் பற்றி வந்த கோபத்தைவிட இது பெரிய கோபமாக இருந்தது.

"அது இன்னாங்கய்யா பாதியில நிறுத்துறது? பாட்டுல வர்ற ஆளுதான்னு நான் போய்ச் சொன்னா, அவன் வந்தானா இல்லியான்னு இவ அம்மா என்னத் தொளச்சி எடுத்துரும். அத மட்டும் சொல்லுங்க, நான் போயிக்கினே இருக்கேன்!"

திருத்தி வந்த விடைத்தாள்

அரையாண்டு வந்தது. மதிப்பெண் நேர்மையாக இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை அந்த முறை விடைத்தாள்களை வேறொரு பள்ளியில் கொடுத்துத் திருத்தி வாங்கினார். தேர்வில் வந்தது பாடப்புத்தகச் செய்யுள்தான், வெள்ளிக்கிழமைப் பாட்டு இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைப் பழக்கம் தேர்வறைக்கும் போய்விட்டது. தலைவன் வரத் தாமதமானது ஏன் என்ற கேள்விக்கு, 'தேர் வீதி முனையில் திரும்பும்போது தாமதம் ஆகியிருக்கலாம்' என்று பலர் எழுதியிருந்தார்கள். தலைவி வருந்தக் காரணம் என்ன என்பதற்கு, 'தலைவி வருந்தினாள் என்பதையே நான் ஒப்புக்கொள்ளவில்லை' என்று தொடங்கி ஒருத்தி அரைப்பக்கம் வாதாடியிருந்தாள். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் 'பாடக் கருத்து இல்லை' என்று எழுதிச் சுழித்திருந்தார்கள். படித்துச் சிரித்தேன். மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. போன வருடத்தைவிடக் குறைவு.

நயம் பாராட்டும் கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தேன். எதுகையும் மோனையும் எங்கேயும் போட்டி போடவில்லை. ஒருவர்கூடக் கைடு விடையை எழுதவில்லை. இர்ஃபான், 'இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஆரம்பித்து, எந்தச் சொல் வரை பிடித்தது, எந்தச் சொல்லிலிருந்து பிடிக்காமல் போனது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தான். கொடுத்த மதிப்பெண் ஒன்று. அந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இப்படி ஒரு விடையைத் திருத்தத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன், அது என் கைக்கு வராமல் வேறு யாரோ கைக்குப் போய்விட்டது என்று நெஞ்சு வலித்தது. தலைமையாசிரியையிடம் தாள்களைக் கொடுத்துவிட்டு நின்றேன். ஜெயித்த தயாளன் சார் என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையார் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ரசிக்கக் கத்துக் குடுத்தீங்க, சந்தோஷம்யா. எதை எங்க எழுதக் கூடாதுன்னும் சேத்துக் கத்துக் குடுத்திருக்கக் கூடாதா?"

கதவு

பொங்கல் முடிந்ததும் பாடவேளை கைமாறும், அதைத் தானே வகுப்புக்கு வந்து பிள்ளைகளிடம் சொல்லிவிடுவதாகத் தலைமையாசிரியை சொன்னார். பொங்கலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி. என்ன பாட்டு நடத்துவது என்று வெகுநேரம் யோசித்தேன். சோகமான பாட்டு வேண்டாம், சண்டை போடுகிற பாட்டாக எடுத்துக்கொண்டேன். வேறொருத்தி வீட்டுக்குப் போய்விட்டுத் தலைவன் திரும்பி வந்திருக்கிறான். தலைவி கதவைச் சாத்திவிட்டாள். அவன் வெளியே நிற்கிறான், அவனுக்காகத் தோழி உள்ளே வந்து கெஞ்சுகிறாள். திறக்கலாமா, கூடாதா? வகுப்பு இரண்டாகப் பிளந்தது. இர்ஃபானும் பையன்களும் திறக்கும் கட்சி. வெயிலில் நிற்கிறார், பாவம் என்றார்கள். பெண்கள் ஒருமுகமாகத் திறக்காத கட்சி. சத்தத்தில் வாசலில் யார் வந்து நிற்கிறார்கள் என்று நான்கூடக் கவனிக்கவில்லை. கையில் சுற்றறிக்கையோடு தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் எழுந்தார்கள். "இன்னா சத்தம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தீபிகா முந்திக்கொண்டாள். "மேடம், நீங்களே சொல்லுங்க" என்று நடந்ததை எல்லாம் சொல்லி, திறக்கலாமா என்று கேட்டாள். நான் கண்ணால் காட்டிய ஜாடையை யாரும் மதிக்கவில்லை.

அவர் காகிதத்தைப் பிரிப்பார் என்று பார்த்தேன். பிரிக்கவில்லை. "அவன் போயிட்டு வர்றது இது எத்தனாவது தடவை?" என்று கேட்டார். பாட்டில் சொல்லவில்லை என்றாள் தீபிகா. "சொல்லலைன்னாலும் தெரியுது. மொத தடவையா இருந்தா கதவ சாத்தவே தோணாது. அழத்தான் தோணும். அவ சாத்தியிருக்கான்னா, பழகிப்போச்சு" என்றார். திறக்கும் கட்சியில் இர்ஃபான் முதல் ஆளாக உட்கார்ந்தான். எத்தனை உரை படித்திருக்கிறேன், எத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன், அந்தச் சாத்திய கதவுக்கு முன்னால் ஒரு நாள் சாத்தாத கதவு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. யாரிடமிருந்து அவர் அதைத் தெரிந்துகொண்டார் என்று அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அது கேட்கிற கேள்வி இல்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். சுற்றறிக்கையை நாலாக மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் என்னோடு வராந்தாவில் நடந்தார். எனக்குக் கண் கலங்கியிருந்தது, அதை மறைப்பதே பெரிய பாடாக இருந்தது. மாடிப்படி அருகே நின்றார். தன் வழக்கமான தலைமையாசிரியைக் குரலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை தயாளன் சாருக்குத்தான்யா, அதுல மாத்தம் இல்ல. சனிக்கிழமை காலையில ஸ்பெஷல் கிளாஸுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் அந்த ரூம் சும்மாதான் இருக்குது. பசங்கள வரச் சொல்லுங்க, நானும் வரேன், சாவி என்கிட்டதான் இருக்குது."

மதிப்பெண்ணும் இல்லாமல், மணியும் அடிக்காமல், சம்பளமும் வராமல் நடந்த அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு ஒருவர்கூடத் தாமதமாக வந்ததில்லை என்பதை, இத்தனை காலம் மணியடித்து, மதிப்பெண் போட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யுள் நடத்திய நான் வெளியில் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை.